அச்சு பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் ஏமாற்றா? தரவு வரைபடங்களைப் பகிர்வதும் அவற்றைப் பற்றிப் பேசுவதும்

கேள்வி இது. ஒருவர் நூறு வருட வெப்பநிலைத் தரவை எடுத்து ஒரு கோட்டு வரைபடம் செய்து பலர் பார்க்க வெளியிட்டிருக்கிறார். பாதிப் பேர் "அருமை, அழகு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மீதிப் பேர் "அச்சு (வரைபடத்தின் ஓரத்தில் எண்கள் போட்ட கோடு) பூஜ்யத்தில் தொடங்கவில்லை, இது ஏமாற்று" என்று பிடித்துக்கொண்டார்கள். இதில் யார் சொல்வது சரி, அடுத்த வரைபடத்தை வெளியிடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், அடுத்தவர் வரைபடத்தில் குறை தெரிந்தால் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்.

முதலில் பூஜ்ய விவகாரத்தைப் பார்த்துவிடுவோம். மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் வரைபடத்தில் அச்சு பூஜ்யத்தில் தொடங்கத் தேவையில்லை. அந்த விதி பட்டை வரைபடத்துக்கு உரியது. பட்டையில் நாம் படிப்பது நீளத்தை. 50 என்ற பட்டையும் 55 என்ற பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அச்சை 45-ல் வெட்டிவிட்டால் இரண்டாவது பட்டை முதலாவதைப்போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். உண்மையான வித்தியாசம் பத்து சதவீதம்தான். கண் நீளத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகே அச்சில் இருக்கும் எண்ணுக்குப் போகிறது, பல நேரம் போவதே இல்லை. கோட்டு வரைபடத்தில் நாம் படிப்பது வேறு: புள்ளி எங்கே இருக்கிறது, கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது. அங்கே வெட்டுவதற்கு நீளம் என்று ஒன்று இல்லை.

வெப்பநிலைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. செல்சியஸ் பூஜ்யம் என்பது நீர் உறையும் நிலை; வசதிக்காக வைத்த ஓர் அடையாளம். 20 டிகிரி என்பது 10 டிகிரியைப்போல இரண்டு மடங்கு சூடு ஆகாது. உண்மையான பூஜ்யம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மைனஸ் 273-லிருந்து தொடங்க வேண்டும். அந்த அச்சில் பனியுகம்கூட ஒரு சின்ன நெளிவாகத்தான் தெரியும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 5 முதல் 7 டிகிரிதான் குறைவு. அந்த அளவு வித்தியாசத்துக்கே கண்டங்களின் மேல் பனிப்பாளங்கள் ஏறி நின்றன. அப்படியென்றால் ஒரு டிகிரி பெரிதாகத் தெரிய வேண்டிய பொருள் இது.

பூஜ்யத்தைச் சேர்த்தே ஏமாற்றவும் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2015 டிசம்பரில் ஓர் அமெரிக்க அரசியல் இதழ், உலக வெப்பநிலையை மைனஸ் 10 முதல் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நீளும் அச்சில் போட்டு வெளியிட்டது. கோடு தட்டையாகக் கிடந்தது. எண் எதுவும் பொய் இல்லை, பூஜ்யமும் இருந்தது, ஆனால் படம் சொன்னது பொய். ஆக, "அச்சு எங்கே தொடங்குகிறது" என்று கேட்பதைவிட "இந்தப் படம் எதை எதோடு ஒப்பிடச் சொல்கிறது, அந்த ஒப்பீட்டின் அளவு கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா" என்று கேட்பது நல்லது. வரைபடம் செய்பவருக்கும் விமர்சிப்பவருக்கும் இதுதான் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் கடைசிக் கேள்வியும் இதுதான்.

இந்தப் பொருத்தத்தை, தரவு வரைபடங்களைப் பற்றி எழுதிய எட்வர்ட் டஃப்டி ஒரு எண்ணாகவே ஆக்கிக் காட்டினார்: படத்தில் தெரியும் மாற்றத்தைத் தரவில் இருக்கும் மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது பொய்க் காரணி. ஒன்றுக்கு அருகில் இருந்தால் படம் யோக்கியமானது. அவர் எடுத்துக்காட்டியது 1978-ல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு படம். கார்கள் ஒரு கேலனுக்கு 18 மைலிலிருந்து 27.5 மைல் ஓட வேண்டும் என்ற அரசு விதியை, தொடுவானம் நோக்கிப் போகும் சாலையாக வரைந்திருந்தார்கள். எண்ணில் உயர்வு 53 சதவீதம். சாலையின் குறுக்கே போட்ட கோடுகள் 0.6 அங்குலத்திலிருந்து 5.3 அங்குலம் வரை வளர்ந்திருந்தன, அதாவது 783 சதவீதம். பொய்க் காரணி 14.8. யாரும் வேண்டுமென்றே செய்த மோசடியாக எனக்குத் தோன்றவில்லை. சாலை அழகாக இருக்கிறது என்று வரைந்திருப்பார்கள். பெரும்பாலான மோசமான வரைபடங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அதனால் "ஏமாற்று" என்ற சொல்லை எடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

கண் எதைச் சரியாகப் படிக்கும், எதைச் சொதப்பும் என்பதை 1984-ல் புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அச்சின் மேல் இருக்கும் புள்ளிகளின் இடத்தை மனிதர்கள் நன்றாக ஒப்பிடுகிறார்கள். அதற்கு அடுத்தது நீளம், பிறகு கோணமும் சாய்வும், பிறகு பரப்பு, கடைசியில் நிறத்தின் அடர்த்தி. 2010-ல் ஜெஃப்ரி ஹீரும் மைக்கேல் பாஸ்டாக்கும் இணையத்தில் ஆட்களைச் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் பொதுவான வரிசை அப்படியே நின்றது. வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் பை சார்ட்டைப் பார்த்ததும் பலர் முகம் சுளிப்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான். ஆனால் பை சார்ட் "மொத்தத்தில் பாதிக்கு மேல்" என்பதைச் சட்டென்று காட்டும், இரண்டு மூன்று துண்டு என்றால் ஒரு குறையும் இல்லை. பதினோரு துண்டு போட்டு, அதை முப்பரிமாணத்தில் சாய்த்தும் வைத்தால் அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது.

வட்டங்களை வைத்து வரைபவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. மதிப்பு இரண்டு மடங்கானால் ஆரத்தை இரண்டு மடங்காக்கிவிடுவார்கள். பரப்பு நான்கு மடங்காகிவிடும். மென்பொருள் தானாகச் செய்கிறது என்று நம்ப வேண்டாம். அமைப்பில் ஆரமா பரப்பா என்று ஒருமுறை பாருங்கள்.

விதிகளை ஒப்பித்து விமர்சிப்பது எங்கே தடுமாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், 2014-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட ஃபுளோரிடா மாநிலத் துப்பாக்கிச் சாவுகள் பற்றிய வரைபடம். செங்குத்து அச்சு தலைகீழாக, பூஜ்யம் மேலே. ரத்தம் வழிவதுபோல் சிவப்பு மேலிருந்து கீழே இறங்கும். 2005-ல் தற்காப்புச் சட்டம் வந்த இடத்தில் குறி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நிறையப் பேருக்கு, சட்டம் வந்ததும் சாவு சரிந்துவிட்டதாகத் தெரிந்தது. உண்மையில் கூடியிருந்தது. இணையமே பொங்கியது. ஆனால் அதற்கு முன் 2011-ல் சவுத் சைனா மார்னிங் போஸ்ட் ஈராக் போர்ச் சாவுகளை அதே தலைகீழ் அச்சில்தான் போட்டது, பரவலாகப் பாராட்டும் பெற்றது. இரண்டிலும் உத்தி ஒன்று. வித்தியாசம் எங்கே? ஈராக் படத்தில் இருந்தவை மேலிருந்து தொங்கும் தனித்தனிப் பட்டைகள். எது மை, எது காகிதம் என்பதில் குழப்பமே வராது. ஃபுளோரிடா படத்தில் இருந்தது ஒரு தொடர்கோடு. கோட்டுக்குக் கீழே இருந்த வெள்ளைப் பகுதியே மலை போன்ற உருவமாகக் கண்ணுக்குப் பட்டது. "அச்சைத் தலைகீழாக்காதே" என்று மட்டும் சொன்னவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. "ஏன் அங்கே எடுபட்டது, இங்கே எடுபடவில்லை" என்று கேட்டவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. விவாதம் என்றால் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது வகையை.

சரி, இனி வெளியிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

உங்கள் படம் என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். "1920 முதல் 2020 வரை வெப்பநிலை" என்பது தலைப்புதான், செய்தி அதில் இல்லை. "கடைசி நாற்பது ஆண்டுகளில் ஏற்றம் முன்பைவிட வேகம்" என்பது ஒரு கூற்று. அதை ஒருவர் மறுக்க முடியும், ஆமாம் என்று சொல்லவும் முடியும். அந்த வாக்கியம் எழுதவே வரவில்லை என்றால் படம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். எழுத வந்துவிட்டால் படத்தில் பாதி வேலை தானாக முடியும்: எந்தக் கோடு அடர்த்தியாக இருக்க வேண்டும், எதைச் சாம்பல் நிறத்தில் பின்னுக்குத் தள்ளலாம், எந்த இடத்தில் குறிப்பு எழுத வேண்டும் என்று அந்த வாக்கியமே சொல்லிவிடும்.

அடுத்து, தரவு எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, எதை விட்டீர்கள். இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அதுதான் ஆபத்தானதும்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போனதுதான் காரணம். முந்தைய இரவு, இவ்வளவு குளிரில் ஏவலாமா என்று பொறியாளர்களும் மேலாளர்களும் தொலைபேசி வழியே மணிக்கணக்கில் விவாதித்திருந்தார்கள். பிறகு விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. வளையங்களில் சேதம் தெரிந்த பயணங்களை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு ஒப்பிட்டால் எந்தப் போக்கும் தெரியாது. 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம், 75 டிகிரியிலும் சேதம். சேதமே ஆகாத பயணங்களையும் அதே படத்தில் வைத்தால் கதை மாறிவிடுகிறது. 66 டிகிரியிலோ அதற்கு மேலோ போன 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 65-க்குக் கீழே போன நான்கிலும் சேதம். அன்று காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருந்தது.

முடிவுக்கு வேண்டிய எண்கள் "ஒன்றும் நடக்கவில்லை" என்ற வரிசையில் இருந்தன, அந்த வரிசை படத்துக்குள் வரவில்லை. அன்றிரவு அந்தப் பொறியாளர்கள் அதை வரைந்திருக்க முடியுமா, எந்தத் தகவல் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் இன்றும் சர்ச்சைக்குரியவை. அவர்கள் தலையில் பழியைப் போடுவது எளிது, நியாயம் இல்லை. வரைபடம் பார்க்கும் நமக்கு அதில் வேலை இருக்கிறது: யார் படத்தைப் பார்த்தாலும், இதில் இல்லாத புள்ளிகள் எவை என்று கேட்க வேண்டும். பயன்பாட்டை விட்டு விலகியவர்கள், பதில் அனுப்பாதவர்கள், எண் பதிவாகாத மாதங்கள். உங்கள் வெப்பநிலைத் தரவில் நிலையம் இடம் மாறியிருக்கிறதா, கருவி மாறியிருக்கிறதா என்பதும் இந்தக் கணக்கில் வரும்.

தரவு இல்லாமல் போவதே சில நேரம் நல்லதுக்கு ஆகிவிடும் என்பதும் உண்மை. 1786-ல் வில்லியம் பிளேஃபேர் நாடுகளின் வர்த்தகத்தை முதன்முதலாகக் கோடுகளாக வரைந்து வெளியிட்டபோது, ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருடக் கணக்குதான் கிடைத்தது. காலப்போக்கில் நீளும் கோடு போட வழியில்லை. அதனால் நாட்டுக்கு நாடு பட்டை போட்டார். மற்ற படங்களைவிட இது பயன் குறைந்தது என்று சங்கடத்தோடு எழுதியும் வைத்தார். இன்று உலகத்தில் அதிகம் புழங்கும் வரைபட வகைகளில் ஒன்று அது.

நிலப்படம் வெளியிடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டு நிலப்படத்தில் எதை எண்ணிக்கையாகப் போட்டாலும், அது பெரும்பாலும் மக்கள்தொகை நிலப்படமாகத்தான் வரும். காப்பிக் கடைகள், விபத்துகள், செல்பேசி கோபுரங்கள் என்று எதை வேண்டுமானாலும் போடுங்கள். மக்கள் இருக்கும் இடத்தில் புள்ளி இருக்கும். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றினால்தான் வேறு ஏதாவது தெரியும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மக்கள் குறைந்த மாவட்டத்தில் ஒரே ஒரு நிகழ்வு விகிதத்தை வானத்துக்குத் தூக்கிவிடும். மிக அதிகம், மிகக் குறைவு ஆகிய இரண்டு பட்டியலிலும் சின்ன மாவட்டங்களே முன்னால் நிற்பது இதனால்தான்.

இன்னொன்று பரப்பு. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலைக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) வாரியாக நிறம் தீட்டினால் நாடே குடியரசுக் கட்சியின் சிவப்பாகத் தெரியும். மொத்த வாக்குகளில் நீல நிறத்துக்குரிய ஜனநாயகக் கட்சிக்குத்தான் சுமார் 29 லட்சம் அதிகம். காலி நிலத்துக்கு நிறம் பூசினால் அப்படித்தான் ஆகும். கவுண்டிக்கு ஒரு வட்டம், வட்டத்தின் பரப்பு வாக்கு எண்ணிக்கை என்று வைத்து வரைந்தவர்கள் இதைத் தீர்த்தார்கள். மெர்கேட்டர் நிலப்படத்தைக் கேள்வி கேட்காமல் எடுப்பவர்களுக்கும் ஒரு நினைவூட்டல்: அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவு. உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. 1569-ல் கப்பலோட்டிகளுக்காகத் திசைக் கோணம் மாறாமல் இருக்க வரையப்பட்ட முறை அது. பரப்பை ஒப்பிடுவது அதன் வேலையே இல்லை.

நிலப்படம் என்றதும் எல்லோரும் ஜான் ஸ்னோ என்ற லண்டன் மருத்துவரை இழுப்பார்கள். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா. அவர் சாவுகளைப் படத்தில் புள்ளியிட்டார், நோய்க்குக் காரணமான தெருத் தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது என்று கதை ஓடும். நடந்தது அவ்வளவு ஒழுங்காக இல்லை. செப்டம்பர் 8 அன்று கைப்பிடி கழற்றப்பட்டபோதே நோய் இறங்கத் தொடங்கியிருந்தது. படம் அதற்குப் பிறகு வந்தது. தண்ணீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. என் பார்வையில் அவருடைய வாதத்தைத் தாங்கியவை படத்துக்குப் பொருந்தாத இடங்கள்தான். குழாய்க்கு அருகிலேயே இருந்த பீர் ஆலையில் வேலை செய்தவர்கள் இறக்கவில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. சொந்தக் கிணறு வைத்திருந்த ஏழைகள் விடுதியில் சாவு மிகக் குறைவு. தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண்மணி, அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் வரவழைத்துக் குடித்தவர், இறந்தார். புள்ளிகள் கூட்டமாக இருப்பதைக் காட்டினால் சந்தேகம் எழும். விதிவிலக்குகளை விளக்கினால்தான் ஆதாரம் ஆகும். உங்கள் படத்திலும் விலகி நிற்கும் ஒரு புள்ளி இருக்கும். அதை அழிக்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பெண்களில் இது அரை சதவீதம்தான். "நல்லது பச்சை, கெட்டது சிவப்பு" என்று போட்டால் அவர்களுக்கு இரண்டும் ஒரே மண்ணிறம். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான ஜோடி. வானவில் நிறங்களைத் தொடர் எண்களுக்குப் பயன்படுத்த வேண்டாம். மஞ்சள் மட்டும் நடுவில் பளிச்சென்று தெரிந்து, தரவில் இல்லாத எல்லையை உருவாக்கிவிடும். அறிவியல் மென்பொருள்களே இதை விட்டுவிட்டன. மேட்லேப் 2014-லும் மேட்பிளாட்லிப் 2017-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இயல்புநிலை நிறங்களை மாற்றின. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால் கவலை இல்லை.

இரண்டு செங்குத்து அச்சுகள் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: பலர் பார்க்க வைக்கும் படத்தில் அது வேண்டாம். இடப்பக்க அளவையும் வலப்பக்க அளவையும் உங்கள் விருப்பத்துக்கு நீட்டிச் சுருக்கி எந்த இரண்டு கோட்டையும் ஒட்டவைக்கலாம். டைலர் விஜென் 2014-ல் இப்படிக் கேலிக்காகவே குவித்த படங்களில், அமெரிக்காவின் மெய்ன் மாநில விவாகரத்து விகிதமும் தலைக்கு எவ்வளவு மார்கரின் சாப்பிட்டார்கள் என்பதும் பத்து ஆண்டுகள் கைகோத்து நடந்தன, ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99. சிரித்துவிட்டு நகர்வோம். ஆனால் அதே உத்தியில் வரும் சீரியசான படங்களைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சின்னப் படங்கள் வையுங்கள், போதும்.

மடக்கை அளவுகோல் எப்போதும் சண்டை மூட்டும். 2020-ல் கொள்ளைநோய் எண்ணிக்கைகளை அப்படிப் போட்டபோது "மறைக்கிறார்கள்" என்று ஒரு கூட்டமும் "இதுதான் சரி" என்று ஒரு கூட்டமும் மோதிக்கொண்டன. 10, 100, 1,000 என்று சமதூரத்தில் போகும் அச்சில் நேர்கோடு என்றால் வளர்ச்சி விகிதம் மாறவில்லை என்று பொருள். எந்த நாட்டில் பரவல் வேகம் தளர்கிறது என்று ஒப்பிட அதுதான் பொருத்தம். எத்தனை படுக்கை வேண்டும் என்று பார்க்கச் சாதாரண அச்சு. கேள்வி எது என்று தலைப்பிலேயே எழுதியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. மடக்கை அச்சில் பூஜ்யம் என்ற ஒன்றே கிடையாது என்பதையும் பூஜ்ய விதிக்காரர்களிடம் சொல்லிவையுங்கள்.

"அழகு" என்று சொல்லிப் போனவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்களை அலட்சியப்படுத்த வேண்டாம். அலங்காரமே கூடாது என்ற கட்சி ஒன்று உண்டு. ஆனால் 2010-ல் ஸ்காட் பேட்மேனும் குழுவினரும் செய்த சோதனையில், சித்திரங்களோடு வந்த வரைபடங்களை ஆட்கள் வெற்று வரைபடங்கள் அளவுக்கே சரியாகப் படித்தார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது சித்திரத்தோடு பார்த்தவையே நன்றாக நினைவில் இருந்தன. காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018-ல் செய்த வெப்பப் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு நிறக் கோடு, நீலத்திலிருந்து சிவப்புக்கு. அச்சு இல்லை, எண் இல்லை. கிளீவ்லண்டின் வரிசைப்படி கண் மிக மோசமாகப் படிக்கும் நிறத்தை மட்டுமே நம்பிய படம். ஆனாலும் அதற்கு இருந்த ஒரே வேலையை அது செய்தது. உலகம் முழுக்கப் பரவியது. ஒரு டிகிரியா ஒன்றரை டிகிரியா என்று தெரிந்துகொள்ள அந்தப் படத்துக்கு யாரும் போவதில்லை.

இனி அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேசுவது. "இது தப்பு" என்பதைவிடப் பயனுள்ள தொடக்கம் ஒன்று இருக்கிறது: "எனக்கு முதலில் கண்ணில் பட்டது இது, நீங்கள் சொல்ல வந்தது இதுதானா?" வரைந்தவர் தன் படத்தைப் பல நாள் பார்த்துப் பழகியவர், அவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். புதிய கண் என்ன படித்தது என்ற தகவல் அவரிடம் இல்லாத ஒன்று. அதைக் கொடுப்பதே பெரிய உதவி.

குறை சொல்லும்போது அது தரவிலா, கணக்கிலா, வரைவதிலா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றையும் குழப்பினால் நிறம், எழுத்துரு பற்றிய விவாதத்தில் தொடங்கி ஆளுக்கு ஆள் திட்டுவதில் முடியும். கணக்குப் பகுதிக்கு நான் அடிக்கடி காட்டுவது புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-ல் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுப்புகளை. ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816, பொருத்திய கோடுகூட ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்று நேர்கோட்டோடு ஒரு தறிகெட்ட புள்ளி, மற்றொன்று செங்குத்தாக நிற்கும் புள்ளிகளோடு தனியே ஒரு புள்ளி. ஆகவே ஒருவர் வெறும் சராசரிப் பட்டைகளைப் போட்டிருந்தால் "புள்ளிகளையும் காட்ட முடியுமா" என்று கேட்பது நியாயமான விமர்சனம்.

மாற்றி வரைந்து காட்டுவது விமர்சனத்தில் உயர்ந்த வகை, ஏனென்றால் வரைய உட்கார்ந்த பிறகுதான் மூலப்படக்காரர் எதனால் அப்படிச் செய்தார் என்று புரியும். அதற்கு மரியாதைகள் உண்டு. அதே தரவு, மூலத்துக்குப் பெயர், எதை மாற்றினீர்கள், மாற்றியதில் எது இழந்தது. கடைசியானது முக்கியம். பெரிய நாளிதழ் ஒன்று நாலு பேரை வைத்து மூன்று வாரம் செய்த படத்தையும், ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எக்செல்லில் செய்ததையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஃபெர்னாண்டா வியேகாஸும் மார்ட்டின் வாட்டன்பெர்க்கும் இதைப் பற்றி 2015-ல் எழுதியிருக்கிறார்கள். இதில் அவர்களுக்கு நேரடி அனுபவம் உண்டு. 2007-ல் ஐபிஎம்மில் மெனி ஐஸ் என்ற தளத்தை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் தரவேற்றி வரைந்து கூடி விவாதிக்க வழி செய்தவர்கள் அவர்கள். அவர்களும் ஜெஃப்ரி ஹீரும் சேர்ந்து அமெரிக்கக் குடிக்கணக்கை வைத்துச் செய்த சென்ஸ் டாட் அஸ் என்ற தளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கருத்து எழுதும்போது நீங்கள் எந்த வடிகட்டியில், எந்த ஆண்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ அந்தக் காட்சியும் கருத்தோடு ஒட்டிக்கொள்ளும். படிப்பவர் அதைத் தொட்டால் நீங்கள் பார்த்ததையே பார்ப்பார். இன்றும் "அந்த ஏற்றம் வினோதமாக இருக்கிறது" என்று மொட்டையாக எழுதுவதைவிட, படத்தை வெட்டி அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு அனுப்பினால் பத்து வரி மிச்சம்.

சில்லறை விஷயங்கள். ஜேபெக்காகச் சேமித்தால் எழுத்தும் மெல்லிய கோடும் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும், பிஎன்ஜி எடுங்கள். செல்பேசியில் பார்க்கும் அளவுக்குச் சுருக்கி, அச்சு எண்கள் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியாது. கோட்டின் பெயரைத் தனிக் கட்டத்தில் வைக்காமல் கோட்டின் முனையிலேயே எழுதுங்கள். திரைவாசிப்பான் (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்காக, என்ன வகைப் படம், எதைப் பற்றியது, என்ன தெரிகிறது என்று ஒன்றிரண்டு வாக்கியம் மாற்று உரையாகக் கொடுங்கள்.

தரவின் மூலத்தையும் உங்கள் பெயரையும் படத்துக்குள்ளேயே, கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுங்கள். நீங்கள் கூடவே எழுதிய விளக்கத்தை விட்டுவிட்டுப் படம் மட்டும் தனியாகப் பயணம் போகும். இதே காரணத்தால்தான், பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் பழைய படத்தைச் சத்தமில்லாமல் மாற்றுவது வேலைக்கு ஆகாது. அதன் நகல்கள் ஏற்கெனவே எங்கெங்கோ போயிருக்கும். திருத்திய படத்தில் "திருத்திய பதிப்பு" என்று தேதியோடு எழுதி, என்ன மாறியது என்று ஒரு வரி சேர்த்து, பழையதற்குப் பக்கத்திலேயே வையுங்கள். கணக்கிட்ட தாளையும் நிரலையும் முடிந்தால் கூடவே கொடுத்துவிடுங்கள். "நம்ப முடியவில்லை" என்று சொல்பவரிடம் "இதோ, நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று நீட்ட அது இருக்கும். பெரும்பாலானோர் போட்டுப் பார்க்க மாட்டார்கள், பார்க்கிற ஒருவர் நீங்கள் கவனிக்காத ஒரு வரிசையைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவார்.